புள்ளி உடையாத கல்

மழை வருகிற நாளில் என் இடது முன்கை வலிக்கும். அந்த எலும்பு உடைந்த படத்தை, உடைந்த அன்றே நானே எடுத்தேன். அந்தப் படம்தான் பிறகு ஒரு மனிதரைத் தூக்குக்கயிற்றிலிருந்து காப்பாற்றியது. கையை உடைத்தவரும் அதே மனிதர். என் கணவர். அவரை ‘அவன்’ என்றே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கை வரமாட்டேன் என்கிறது. போகட்டும், மரியாதை எனக்குப் பழக்கம், அவருக்குத் தகுதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யுத்தம் நடந்த வருஷங்கள் அவை. அதற்கு முன்னால் தோட்டிலும் மூக்குத்தியிலும் வைக்கிற சிவப்புக்கல் சீமையிலிருந்து கப்பலில் வரும். பூமியில் தோண்டி எடுத்தது அல்ல, உலையில் வளர்த்தது. கப்பல் நின்றதும் சேலத்து முதலாளி ஒருவர், நாமே வளர்த்தால் என்ன என்று பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு தகரக் கொட்டகை போட்டார். காஸ் சிலிண்டர்கள் கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கும் என்பதால் அந்த ஊர். கொஞ்ச நாளில் தோடு மறந்துபோனது. மீட்டருக்கும் கடிகாரத்துக்கும் உள்ளே முள் உட்கார்ந்து சுற்றுகிற கடுகளவு கற்கள் பட்டாளத்துக்கு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள்.

ஒரு கொட்டகையில் உலை. அதற்கு என் கணவர். இன்னொரு கொட்டகையில் எக்ஸ்ரே. அதற்கு நான். மாரண்டஹள்ளியில் பிறந்து, சேலத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் வேலை பழகியவள் நான். கடையைக் கட்டிய டாக்டர் ஒருவரிடமிருந்து முதலாளி ஒரு பழைய மெஷினை வாங்கிப் போட்டிருந்தார். புருஷன் செய்கிற கல்லில் பொண்டாட்டி குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். இதைவிடப் புத்தி கெட்ட ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. சம்பளம் ஒரே வீட்டுக்குப் போகிறது, பேசி முடித்துக்கொள்வார்கள் என்று முதலாளி நினைத்திருக்கலாம்.

கல் வளர்க்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. படிகாரத்தை வறுத்து மைபோல் மாவாக்குவோம். அந்த மாவு உலையின் உச்சியில் ஒரு சல்லடைக் குடுவையில் இருக்கும். சின்னச் சுத்தியலால் குடுவையைத் தட்டத் தட்ட, மாவு தீச்சுடர் வழியாகக் கீழே விழும். விழும்போதே உருகி, கீழே இருக்கிற மண்குச்சியின் தலையில் உட்காரும். அப்படியே மணிக்கணக்காக ஏறி ஏறி, விரல் அளவுக்கு ஒரு சிவப்புக்கல் நிற்கும். அதை முழுக்கல் என்போம். தட்டுகிற கை நிற்கக்கூடாது. நின்றால் உருகிய தலை இறுகிவிடும். மறுபடி தட்ட ஆரம்பித்தால், மேலே வளர்கிற பாகம் கீழே இருப்பதோடு ஒரு மயிரிழை கோணலாக உட்காரும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தேன்போலத் தெளிவாக இருக்கும். ஆனால் துளை போடும்போது பொடிந்துவிடும்.

அந்தக் கோணலைக் கண்டுபிடிக்கத்தான் நான். ஈயத்தகட்டில் ஊசித்துளை போட்டு, அதன் வழியாக எக்ஸ்ரேயைக் கல்லின் மேல் விழவைத்து, பின்னால் ஃபிலிமை வைப்பேன். கழுவிப் பார்த்தால் ஃபிலிம் முழுக்கப் புள்ளிகள் இருக்கும், கோலத்துக்கு வைத்தது மாதிரி ஒழுங்காக. கல் நல்ல கல் என்றால் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றாக, உருண்டையாக இருக்கும். வளர்ச்சி அறுந்து ஒட்டிய கல் என்றால் ஒவ்வொரு புள்ளியும் இரண்டாக உடைந்திருக்கும். அடி, நடு, தலை என்று மூன்று இடத்தில் படம் எடுத்தால், எந்த இடத்தில் அறுந்தது என்பதும் தெரிந்துவிடும்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெருப்புக்கு முன்னால் அவரைப்போலப் பொறுமைசாலியை நான் கண்டதில்லை. தண்ணீர் குடிக்கக்கூட நகரமாட்டார். சுத்தியலை வேறு ஒருவர் தொட விடமாட்டார். டக், டக், டக் என்று அந்தச் சத்தம் பொழுது முழுக்க என் கொட்டகைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது கேட்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி. சத்தம் நின்றால் உலை வேலை முடிந்தது என்று அர்த்தம். முடிந்தால் அவர் வருவார். போன வாரத்துக் கல்லை நான் கழித்திருந்தால் அடி விழும். கையால், பெல்ட்டால், ஒருமுறை ஈரச்சாக்கால். இப்போதும் எங்காவது தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றால் திரும்பிப் பார்ப்பேன்.

கை உடைந்த நாளில் உலை வேலை முடியவில்லை. பாதியில் சத்தம் நின்றது. காலையில் முதலாளி வந்து, நான் கழித்த நாலைந்து கற்களை அவர் முன்னால் மேஜையில் கொட்டி, “இத்தன காஸையும் காத்துல விட்டுட்டீங்களேய்யா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மதியம் வரை தட்டியிருக்கிறார். அப்புறம் முடியவில்லை. சுடரைத் தணித்து வைத்துவிட்டு, உலை கிளறுகிற இரும்புக் கம்பியோடு வந்தார்.

“எங்கல்லுல ஓட்டையா? எங்கல்லுலயா?” என்றார். ஃபிலிமைத் தூக்கி நீட்டினேன். பாருங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். கம்பி ஃபிலிமின் மேல் விழவில்லை, அதைப் பிடித்திருந்த கையின் மேல் விழுந்தது. சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அடிக்கு நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன், கம்பி மேஜையைப் பிளந்தது. அப்புறம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டக், டக், டக்.

வலியில் வாந்தி எடுத்தேன். அழுதேன். பிறகு என்ன தோன்றியதோ, இடது கையைத் தூக்கி டியூபுக்குக் கீழே வைத்து, வலது கையால் சுவிட்சைப் போட்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. எது உள்ளே உடைந்திருந்தாலும் படம் எடுப்பது என் வேலை, அவ்வளவுதான். மேஜையில் உடைந்த பலகை இரண்டை வைத்துக் கட்டிக்கொண்டேன். மறுநாள் அந்த முழுக்கல் வந்தது. ஒற்றைக் கையால் படம் எடுத்தேன். அடியில் புள்ளிகள் ஒழுங்கு. நடுவுக்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு. என்னை அடிக்க வந்த நேரம் அந்தக் கல்லில் பதிந்திருந்தது.

முதலாளி வந்தபோது இரண்டு படத்தையும் ஜன்னலில் மாட்டிக் காட்டினேன். எலும்பைப் பார்த்து உச்சுக்கொட்டினார். கல்லைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. “கோவம் வந்தா வேலைய முடிச்சுட்டுப் போயி அடிக்கக்கூடாதாய்யா? நல்ல கல்லு கெட்டுப்போச்சே” என்று என் கணவரைத் திட்டினார். திட்டு வாங்கியதற்கும் ராத்திரி எனக்குத்தான் விழுந்தது.

கட்டுப் பிரித்து, விரல்கள் மடங்க ஆரம்பித்திருந்த சமயம். ஸ்டேஷனிலிருந்து சிலிண்டர் ஏற்றிவருகிற வண்டிக்காரருக்கும் என் கணவருக்கும் சந்தையில் சண்டை. சிலிண்டரை வண்டிக்காரர் உருட்டித் தள்ளினார் என்று ஆரம்பித்து, அவர் பல்லில் இவர் குத்தி, சட்டை கிழிந்து, “உன்ன வெட்டிப் போடாம வுடமாட்டன்டா” என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி இவர் கத்தியிருக்கிறார். மறுநாள் நான் ஃபிலிம் வாங்கச் சேலத்துக்குப் போயிருந்தேன். மத்தியான ரயிலில் இறங்கிய சரக்கை எடுக்க வந்த வண்டிக்காரரை ஸ்டேஷன் போர்ட்டர் பார்த்துப் பேசியிருக்கிறார். பொழுது சாயுமுன் எங்கள் கொட்டகைக்குப் பின்னால் போகிற தடத்தில் வண்டிக்காரர் செத்துக் கிடந்தார். கழுத்தில் ஒரு வெட்டு, தடுத்த கையில் இரண்டு. மாடுகள் வண்டியோடு புல் மேய்ந்துகொண்டிருந்தனவாம்.

போலீஸ் நேரே உலைக்கு வந்தது. அவர் தட்டிக்கொண்டிருந்தார். “முடிச்சுட்டு வர்றேன்” என்றாராம். முடியைப் பிடித்து இழுத்துப்போனார்கள். சப்-இன்ஸ்பெக்டர் காஸை மூடி, கொட்டகையைப் பூட்டி சீல் வைத்தார். வளர்ந்துகொண்டிருந்த கல் உலைக்குள்ளேயே ஆறிக் கிடந்தது.

சாயங்கால வண்டியில் இறங்கியபோது ஊரே ஸ்டேஷனில் நின்றது. விஷயத்தைக் கேட்டதும் என் மனசில் முதலில் வந்தது பயமோ துக்கமோ இல்லை. இன்றைக்கு அடி இல்லை என்பதுதான். அன்று இரவு கதவைத் திறந்து போட்டுத் தூங்கினேன்.

முதலாளி பதறிக்கொண்டு வந்தார். உலைக்காரர் இல்லாவிட்டால் அவருக்குத் தொழில் இல்லை. “உலைய வுட்டுட்டுப் போக முடியாதுங்க” என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். “சுடரத் தணிச்சு வெச்சுட்டு, பின்னால போயி ஒரு போடு போட்டுட்டு வர எந்நேரம் ஆகும்?” என்று சப்-இன்ஸ்பெக்டர் திருப்பிக் கேட்டார். கெட்டிக்காரர். முதலாளி என்னைப் பார்த்தார். போனால் கல்லில் தெரியும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வண்டிக்காரர் உயிரோடு இருந்த நேரத்திலிருந்து போலீஸ் வந்த நேரம் வரை வளர்ந்த கல் அது, அளந்தால் அதன் நீளமே சொல்லிவிடும். முதலாளி இதை விளக்கிச் சொன்னதும் சப்-இன்ஸ்பெக்டரே சீலை உடைத்து, தன் கையால் கல்லை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஒரு கான்ஸ்டபிளை என் கொட்டகை வாசலில் உட்காரவைத்தார்.

ஒளிக்காமல் சொல்கிறேன். புள்ளி உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் சுவிட்சைப் போட்டேன். அடி, நடு, தலை. மூன்று படத்தையும் ஈரத்தோடு விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட உடையவில்லை. அவர் வளர்த்ததிலேயே அதுதான் ஆகச் சுத்தமான கல். சந்தைச் சண்டையின் கோபத்தோடு நின்றுகொண்டு, கை சற்றும் பிசகாமல் தட்டியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபிலிம் கழுவுகிற தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கான்ஸ்டபிள் எழுந்து எட்டிப் பார்த்தார். “ஒண்ணுமில்லீங்க, கை தவறிருச்சு” என்றேன்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். புள்ளி உடைந்திருக்கிறது என்று சொன்னால் மறுத்துச் சொல்ல அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஆனால் செய்யாத கொலைக்கு அவர் தூக்கில் தொங்கினால், ஊர் அவரைப் பாவப்பட்ட மனுஷன் என்று சொல்லும். எனக்குச் செய்தது எதுவும் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதைவிட, என் படம் பொய் சொல்லாது என்பதற்காகத்தானே அத்தனை அடியும் வாங்கினேன்? அதையே பொய் சொல்லவைத்தால் வாங்கிய அடி எல்லாம் எதற்கு?

தர்மபுரியில் மாஜிஸ்ட்ரேட் முன்னால் படங்களை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். அவரைக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். லாக்கப்பில் வாங்கிய அடியில் முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. பார்க்க எனக்குப் பழகிய முகமாகத் தெரிந்தது. கண்ணாடியில் என் முகம் பல நாள் அப்படித்தான் இருந்திருக்கிறது.

“பாதியில் விட்டுப் போனால் புள்ளி உடையும் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். பழைய கல்லின் படத்தை வைத்தேன். “இந்தக் கல்லை வளர்க்கும்போது விட்டுப் போனார் என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் போயிருந்தேன். எலும்புப் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

“அன்னைக்கு என்னை அடிக்க வந்தாருங்க. வந்த நேரம் அந்தக் கல்லுல இருக்குது, வந்த வேலை இந்தக் கையில இருக்குது.”

பின் பெஞ்சில் இருந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் சிரித்துவிட்டார். மாஜிஸ்ட்ரேட் எலும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார், என் கையைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். கொலைக்கு ருசு இல்லை என்று அவரை விட்டார்கள். உண்மையான ஆள் பிடிபடும்வரை வழக்கு திறந்தே இருக்கும், கேட்கும்போது கல்லைக் கொண்டுவர வேண்டும் என்று என்னிடமே கொடுத்தார்கள். கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது குடும்ப விஷயமாம்.

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் பொம்மிடி வரும்வரை அவர் பேசவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், “எம் மானத்த வாங்கிட்டியேடீ. அத்தன பேரு முன்னால எலும்பக் காட்டுவியா?” என்றார். தூக்கிலிருந்து இறங்கி வந்த மனிதர் பேசுகிற முதல் பேச்சு. கை மேலே போனது.

கோர்ட்டில் கொடுத்த அந்த முழுக்கல் என் மடியில் இருந்தது. முழுக்கல் எல்லாமே உள்ளுக்குள் ஒரு இறுக்கத்தோடுதான் பிறக்கும். மண்குச்சியில் ஒட்டி வளர்ந்த அதன் அடிக்காம்பைக் கொறட்டால் ஒரு கடி கடித்தால் போதும், துப்பாக்கி மாதிரி வெடித்து நெடுக்காக இரண்டாகிவிடும். சில்லு பறக்கும் என்பதால் துணி சுற்றிக்கொண்டுதான் அதைச் செய்வோம். நான் துணி சுற்றவில்லை. மாடத்தில் இருந்த கொறட்டை எடுத்து, கல்லின் காம்பை அதன் வாய்க்குள் வைத்தேன்.

“அடிங்க. அடி விழுந்தா என் கை தானா இறுகும். கல்லு ரெண்டாப் போயிரும். நாளைக்குப் போலீசு வந்து கேட்டா, அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு சொல்றதுக்கு இந்த ஒலகத்துல ஆருமில்லீங்க.”

சுத்தப் புளுகு. கல் இரண்டானாலும் பாதியை வைத்துப் படம் எடுக்கலாம். அவருக்கு நெருப்பு தெரியும், எக்ஸ்ரே தெரியாது. ஓங்கிய கை அப்படியே நின்றது. கொலை செய்யவில்லை என்பதை அந்தக் கல்லைத் தவிர யாரும் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரியும். கையை இறக்கிக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு அடி இல்லை. கல்லும் கொறடும் எப்போதும் என் மேஜைமேல் இருக்கும். கெட்ட கல்லைக் கெட்ட கல் என்று கழித்தேன். சுத்தியல் நிற்கும், அவர் வருவார், மேஜையைப் பார்ப்பார், தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். கல்யாணமான பிறகு நான் உடம்பு தேறியது அந்தக் காலத்தில்தான்.

அடுத்த கோடையில் தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் இன்னொரு வெட்டு. பிடிபட்டவர் வண்டிக்காரரின் பங்காளி. நிலத்தகராறில் வண்டிக்காரரை வெட்டியதும் தான்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தச் சேதியைச் சொல்ல சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் உலைக்கே வந்தார். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது, பாதியில் சுத்தியல் நின்றது என்பதுதான்.

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் கையை நீட்டுமுன் கல்லையும் கொறட்டையும் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“ஆளு கெடச்சுட்டான். இனி இந்தக் கல்லு எதுக்குடீ? இத வெச்சுத்தானே என்ன இத்தன நாளு ஆட்டுன? பாரு. நல்லாப் பாரு. இது முடிஞ்சதும் அடுத்தது நீதான்.”

நான் பார்க்க வேண்டும் என்று கல்லை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஆயிரம் தடவை செய்த வேலை. ஆயிரம் தடவையும் துணி சுற்றித்தான் செய்திருப்பார். அன்று கோபமும் சந்தோஷமும் சேர்ந்துகொண்டன. கடித்தார்.

வெடித்தது. ஒரு பாதி தகரத்தில் மோதி விழுந்தது. அவர் கத்திய கத்தலில் சப்-இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். வலது கண்ணைப் பொத்தியிருந்த விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்து மேஜையில் சொட்டியது. அவர் தரையில் முட்டி போட்டுப் புரண்டார். கம்பவுண்டர் வந்து பார்த்து, சில்லு உள்ளே இருக்கிறது, ஆழம் தெரியாமல் தொடமாட்டேன், சேலத்துக்குக் கொண்டுபோங்க, படம் இருந்தால் நல்லது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

படுக்கவைத்து, தலையை டியூபுக்கு அடியில் பிடித்து வைத்தேன். அவர் உடம்பு உதறியது. “அசையாதீங்க” என்றேன். “கண்ணு போயிருமா? சொல்லு புள்ள, போயிருமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “அசையாதீங்க. அசைஞ்சா புள்ளி ரெண்டாத் தெரியும்” என்றேன். அசையாமல் படுத்தார். ஃபிலிமில் கண்குழிக்குள் மங்கலாக ஒரு கீற்று தெரிந்தது, சுத்தமான கல்லின் கீற்று. காயவைத்து, காகிதத்தில் சுற்றி முதலாளியின் ஆளிடம் கொடுத்தேன். அந்தப் படத்தையும் ஒழுங்காகத்தான் எடுத்தேன்.

சேலம் வண்டியில் அவரை ஏற்றினார்கள். “நீயும் வா” என்றார். நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன். வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் அவரைப் பார்த்தேன். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்தக் கைகளுக்கு உலையில் தட்டுகிறதையும் என்னை அடிக்கிறதையும் தவிர வேறு வேலை வந்து அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஜோலார்பேட்டை போகிற வண்டி வந்தது. நான் அதில் ஏறிவிட்டேன்.